கோடிட்ட இடத்தை நிரப்புக

சிட்லபாக்கத்திலிருந்து டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, உங்க விக்கிப்பீடியாவுல ஒற்றுப்பிழையத் திருத்தினா அபராதம் உண்டா?" என்றார்.

'உங்க' என்ற சொல்லுக்கு நான் மறுப்புச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கே கொஞ்சம் எழுதுகிறேன், அவ்வளவுதான். ஆனால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான்தான் அதன் கிளை அலுவலகம்.

நடந்தது இது. எங்கள் சுற்றுவட்டார ஊர் ஒன்றின் பக்கத்தில் மாவட்டம் காஞ்சிபுரம் என்றே இருந்திருக்கிறது. செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்றே தனி மாவட்டமாகிவிட்டது. அதை மாற்றலாம் என்று டீச்சர் 'மூலத்தைத் தொகு' என்பதைத் தட்டி உள்ளே போயிருக்கிறார். மாவட்டத்தை மாற்றிய கையோடு இன்னொரு வரி கண்ணில் பட்டது: 'வாகன பதிவு எண் வீச்சு'. முப்பது வருஷம் சிவப்பு மசி பிடித்த கை சும்மா இருக்குமா? 'வாகன'வுக்குப் பின்னால் ஒரு ப் போட்டுவிட்டுச் சேமித்தார். மாவட்டம் சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்தின் வலது ஓரப் பெட்டியில் 'டிஎன் 11' என்று இருந்த வரி மொத்தமாகக் காணாமல் போய்விட்டது.

இலக்கணம் டீச்சர் பக்கம்தான். அங்கே ப் மிக வேண்டும். ஆனால் அந்தச் சொற்கள் யாரும் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவை சாவியின் பற்கள். சாவி துருப்பிடித்திருக்கிறது என்று அரத்தால் தேய்த்து அழகாக்கிவிட்டால் பூட்டு திறக்காது. அந்தப் பெட்டிக்கு அச்சாக இருக்கும் வார்ப்புருவைச் செய்தவர் என்றைக்கோ ஒற்று இல்லாமல் எழுதிவிட்டார். இயந்திரம் அதையே எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வேறு எது வந்தாலும் அதற்குத் தெரியாத ஆள். தெரியாத ஆள் என்று வாய்விட்டுச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்வதும் இல்லை. மதிப்பைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

வார்ப்புரு என்ற சொல் எனக்குப் பிடிக்கும். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலை வெளியே வர வேண்டுமானால் அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். விக்கியின் வார்ப்புரு இதற்கு நேர்மாறு. ஓர் அச்சு, அதிலிருந்து ஆயிரக்கணக்கில் ஊர்கள். அதைவிட விசேஷம், வார்த்து முடித்த பிறகும் சிலைகள் அச்சோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அச்சில் ஓர் அடைப்புக்குறியை யாராவது தவறவிட்டால் கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லா ஊரின் மூக்கும் ஒரே நேரத்தில் கோணிக்கொள்ளும். அதனால்தான் பெரிய வார்ப்புருக்களைப் பூட்டி வைக்கிறார்கள். பூட்டி வைப்பதால், அதிலுள்ள பிழைகளும் பாதுகாப்பாக இருக்கின்றன.

ஊரைப் பெட்டியில் அடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ராஜராஜன் காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு: முதலில் மெய்க்கீர்த்தி, பிறகு ஆட்சியாண்டு, பிறகு மண்டலம், கோட்டம், நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது. நம் தென்சென்னைப் பகுதி ஜெயங்கொண்ட சோழமண்டலத்துப் புலியூர்க் கோட்டத்தில் வரும். அதற்கு முன் அது தொண்டைமண்டலம். பெயர் மாறிய பிறகும் பழைய கல் பழைய பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். கல்லில் 'தொகு' பொத்தான் கிடையாது. (தொகுத்தல் என்றால் திரட்டுவது, எட்டுத்தொகை என்பதில் உள்ள அதே தொகை. திருத்துவதற்கு அந்தச் சொல்லைத் தமிழ் விக்கிப்பீடியா எடுத்துக்கொண்டது ஒரு நல்ல பிசகு.)

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன் அதன் ஆரம்பகாலக் கட்டுரைகளைக் கிட்டத்தட்டத் தனியாளாக எழுதிச் சேர்த்தார். கனடா இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. அவர் தொழிலால் கட்டடக்கலைஞர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகள் ஆயின. இவற்றில் ஊர்ப் பக்கங்கள் ஏராளம். அந்த ஊர்ப் பக்கங்களின் வலது தோளில் பரவலாக உட்கார்ந்திருப்பது 'இந்திய ஆட்சி எல்லை' என்ற வார்ப்புரு.

அதை யார் தமிழில் அமைத்தார்களோ, அவர்களுக்கு ஒரு வணக்கம். 'நகரத்தின் பெயர்', 'தலைவர் பதவிப்பெயர்', 'கணக்கெடுப்பு வருடம்', 'மக்கள் தொகை', 'அஞ்சல் குறியீட்டு எண்', கடைசியில் 'பின்குறிப்புகள்'. இரட்டை நெளிவடைப்புக்குள், செங்குத்துக் கோடு, பெயர், சமக்குறி, அதன் பின் காலியிடம். பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பிய எவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும். கேள்வி தமிழில் இருப்பதுதான் முதல் மரியாதை. பின்னாளில் பலர் ஆங்கில விக்கிப்பீடியாவின் பெட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். பராமரிப்பது எளிது, அங்கே ஒரு வசதி சேர்த்தால் இங்கேயும் வந்துவிடும். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தால் புலப்பெயர்கள் எல்லாம் ஆங்கிலம், நடுநடுவே அடிக்கோடுகள். டீச்சரைப் போன்றவர்கள் அந்த வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

தமிழ்ப் பெட்டியிலும் இரண்டு கற்கள் பெயர்க்கப்படாமல் நின்றுவிட்டன. எல்-ஏ-டி-டி என்று ஒன்று, எல்-ஓ-என்-ஜி-டி என்று ஒன்று. முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. மாநிலம், மாவட்டம் என்று தமிழில் போய்க்கொண்டிருக்கும் வரிசையில் இந்த இரண்டு மட்டும் ஆங்கிலச் சுருக்கங்களாகச் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். தாம்பரம் இருப்பது வடக்கே சுமார் 12.9 பாகை, கிழக்கே 80.1 பாகை. யாராவது இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் தாம்பரம் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் பனிக்கடலில் போய் நிற்கும். எண் என்ற அளவில் இரண்டும் சரியானவை, அதனால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். வரைபடத்தைக் காட்டி, ஊர் இருக்கும் இடத்தில் விரலை வை என்று கேட்டிருந்தால் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை. தாம்பரம் ரயில் நிலையத்தைத் தொட்டுக்காட்டத் தெரியாதவர் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

தட்டச்சு ஒரு தனிக்கதை. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறிகளின் விசைகள் ச, ஞ இரண்டுக்கும் போய்விட்டன. தவிரவும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துக்கொடுக்கும் நல்ல குணம் அந்தப் பலகைக்கு உண்டு. விக்கியில் ஓர் ஊருக்கு இணைப்புக் கொடுக்க இரட்டைச் சதுர அடைப்பு போட வேண்டும். மொழியை மாற்ற மறந்து தட்டினால் திரையில் விழுவது: 'ச்சதாம்பரம்ஞ்ஞ'. நான் இதைப் பல நூறு முறை அழித்திருக்கிறேன். கைப்பேசியில் இன்னும் மோசம். செங்குத்துக் கோடு வேண்டுமென்றால் தமிழிலிருந்து எண்களுக்கு, எண்களிலிருந்து குறிகளின் இரண்டாம் பக்கத்துக்கு என்று மாடி ஏற வேண்டும். ஒரு பெட்டியில் இருபது கோடுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் யாரும் யோசிக்காமல் இல்லை. 2013இல் விஷுவல் எடிட்டர் வந்தது. பெட்டியைத் தொட்டால் ஒரு சன்னல் திறக்கும். நெளிவடைப்பு, கோடு, சமக்குறி எதுவும் கண்ணில் படாது. புலத்தின் பெயர் ஒரு பக்கம், நிரப்ப வேண்டிய கட்டம் ஒரு பக்கம். அதே வருஷம் கூடவே வந்தது டெம்ப்ளேட் டேட்டா. வார்ப்புருவின் ஆவணப் பக்கத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் விளக்கம் எழுதி வைக்கும் ஏற்பாடு: இதை மக்களுக்கு எந்தப் பெயரில் காட்டுவது, இதில் எண் வருமா எழுத்து வருமா, கட்டாயமா விருப்பமா, ஓர் எடுத்துக்காட்டு. அதை எழுதி வைத்திருந்தால் சன்னலில் அது வந்து நிற்கும். எழுதாவிட்டால் சன்னல் திறக்கும், உள்ளே மொட்டையாக எல்-ஏ-டி-டி என்று இருக்கும். கதவைப் புதிதாகப் போட்டார்கள். உள்ளே உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வைக்கும் வேலை அந்தந்த மொழிக்காரர்களுக்கு விடப்பட்டது. அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. புதுக் கட்டுரை எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். 'அட்சரேகை, எண் மட்டும், வ என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டாம்' என்று எழுதி வைப்பவருக்கு எந்தக் கணக்கிலும் ஒன்று கூடாது. நானே எத்தனை எழுதினேன் என்று கேட்டால் தலையைச் சொறிவேன்.

டீச்சரின் ப் விவகாரத்துக்கும் மருந்து இருக்கிறது. 'வாகன பதிவு', 'வாகனப் பதிவு' இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள் என்று வார்ப்புருவுக்குள் சொல்லி வைக்க முடியும். 'மக்கள் தொகை', 'மக்கள்தொகை' என்ற இடைவெளிச் சண்டைக்கும் அதே மருந்து. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. சொல்லும் சொல்லும் சந்திக்கும்போது அங்கே எழுத்து முளைப்பதில்லை. நமக்கு முளைக்கும். அதனால் ஒரு தமிழ்ப் பெட்டிக்குச் சந்தி இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அதை மன்னிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் பல பெட்டிகள், அறியாத புலம் ஒன்று வந்தால் முன்தோற்றத்திலேயே எச்சரிக்கை காட்டும். அது ஒன்று இருந்திருந்தால் டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை கெட்டிருக்காது.

விக்கித்தரவு பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் தொடங்கியது. தாம்பரத்தின் மக்கள்தொகையை அங்கே ஓரிடத்தில் போட்டுவிட்டால் தமிழ், ஆங்கிலம், சிங்களம் என்று எல்லா மொழிப் பக்கங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் தெரியும் ஓர் எண்ணைத் திருத்தப் போகிறவர் தொகுக்கும் சன்னலைத் திறந்து தேடினால் அந்த எண் அங்கே இருக்காது. ஊரில் இருக்கும் நிலத்தின் பத்திரம் வேறெங்கோ ஒரு லாக்கரில் இருக்கிற மாதிரி. லாக்கரின் முகவரியைப் பெட்டியிலேயே எழுதி ஒட்டுவதுதான் குறைந்தபட்ச நாகரிகம்.

அன்று மாலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். ப் நீக்கப்பட்டு டிஎன் 11 திரும்பி வந்ததைக் காட்டினேன். சந்தோஷப்படவில்லை. "தப்பா எழுதினாத்தான் சரியா வரும்ங்கற. நல்லா இருக்கு" என்றார். காபி வந்தது. பிறகு தன் கதையைச் சொன்னார்.

2001, 2011 இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் போனவர் அவர். 2010இல் வீட்டுப் பட்டியலுக்கு 35 கேள்விகள், 2011 பிப்ரவரியில் ஆட்களை எண்ணியபோது 29 கேள்விகள். படிவத்தில் கட்டம் கட்டமாக இருக்கும், இயந்திரம் படிக்க வேண்டும் என்பதால் எண் கட்டத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் படிவத்தை அவர் ஒருநாளும் யாருக்கும் படித்துக்காட்டியதில்லை. "வயசு என்னன்னு கேட்டா வயசானவங்களுக்குத் தெரியாது தம்பி. சுதந்திரம் வந்தப்போ நடந்தீங்களா தவழ்ந்தீங்களான்னு கேக்கணும். எம்ஜிஆர் செத்தப்போ உங்க பெரிய பொண்ணு எந்த கிளாஸ்னு கேக்கணும். அப்புறம் நானே கணக்குப் போட்டுக் கட்டத்துல எழுதிக்குவேன்."

நான் பயன்படுத்திய எந்த மென்பொருளிலும் இதைவிட நல்ல வடிவமைப்பைப் பார்த்ததில்லை. கட்டம் மாறவில்லை, அதில் விழுந்தது சுத்தமான இரண்டிலக்க எண்தான். மாறியது கேள்வி மட்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பவரும் இதைத்தான் செய்கிறார். அரசாங்கம் 'விண்ணப்பதாரரின் சாதகக் கூறுகள்' என்று ஏதாவது கேட்டிருக்கும், அவர் நிமிர்ந்து பார்த்து "ரேஷன் கார்டு இருக்கா பெரியவரே?" என்பார். நிரப்புவதை எளிமையாக்குவது என்றால் அடைப்புக்குறிகளை மறைப்பது என்று நாங்கள் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். மறைப்பது பாதி வேலைகூட இல்லை. பதில் தெரிந்தவரின் வாயில் அந்தப் பதில் எந்த உருவத்தில் இருக்கிறதோ, அந்த உருவத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

2021இல் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும் என்று டீச்சர் நினைத்திருந்தாராம். அந்தக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது, அதற்குள் இவர் ஓய்வு பெற்றார். கணக்கு 2011லேயே நின்றது, ஊர் நிற்கவில்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெட்டிக்கு இது பெரிய சங்கடம். 1,74,787 என்ற 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகை, இப்போது இல்லாத ஒரு நகராட்சியினுடையது. பரப்பளவை மட்டும் யாராவது புதிய மாநகராட்சிக்கு மாற்றிவிட்டால், அடர்த்தியைத் தானே கணக்கிடும் பெட்டி தாம்பரத்தை ஒரே ராத்திரியில் காற்றோட்டமான கிராமமாக்கிவிடும். சிட்லபாக்கத்துக்கோ மதிப்பை மாற்றினால் போதாது. பேரூராட்சிக்குரிய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புறநகர்ப் பகுதிக்குரிய பெட்டியை மாட்ட வேண்டும். எந்தப் புலம் அங்கே போகும், எது இங்கேயே கிடக்கும் என்று எந்தச் சன்னலும் கேட்பதில்லை.

'தலைவர் பெயர்' என்ற கட்டத்தையும் பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் எந்த நகராட்சியிலும் இல்லை. அந்தக் கட்டத்தில் என்ன போடுவது? காலியாக விட்டால், தொகுத்தவருக்குத் தெரியவில்லை என்று ஆகும். தெரியாததும் இல்லாததும் பெட்டிக்கு ஒரே வெற்றிடம்தான். அப்போது சிலர் பழைய தலைவரையே விட்டு வைத்தார்கள்; எனக்கும் கை வரவில்லை. 2022 மார்ச்சில் க. வசந்தகுமாரி முதல் மேயரானபோது கட்டம் நிரம்பியது, பழைய குழப்பம் வரலாற்றுப் பக்கத்துக்குள் போய்விட்டது.

அஞ்சல் குறியீடு கேட்கும் கட்டம் ஒன்றே ஒன்று. மேற்குத் தாம்பரத்துக்கு 600045, கிழக்குக்கு 600059, சானடோரியத்துக்கு 600047. மூன்றையும் காற்புள்ளி போட்டு அடைத்தால் எண் என்று எதிர்பார்த்த கட்டம் முகம் சுளிக்கும். ஒன்றை மட்டும் போட்டால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

டீச்சர் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு வரி. நான் அதை டெம்ப்ளேட் டேட்டாவில் ஏற்றுவதாக ஒப்பந்தம். 'எல்-ஏ-டி-டி: ஊர் வடக்கே எத்தனை பாகையில் உள்ளது? எண் மட்டும். தாம்பரம் எனில் 12.9. தமிழ்நாட்டு ஊர் என்றால் 8க்கும் 14க்கும் நடுவில்தான் வரும்.' எழுதிவிட்டு, "80னு ஒருத்தன் போட்டா அங்கேயே மாட்டிக்குவான்" என்றார். 'தலைவர் பெயர்: இன்று பதவியில் இருப்பவர். யாரும் இல்லை என்றால், இல்லை என்று எழுதுக.' 'வகை: இப்போது என்ன? எப்போதிலிருந்து?' கையெழுத்து கரும்பலகைக் கையெழுத்து, ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக.

'உயரம்' என்ற புலத்தில் பேனா நின்றது. கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று பெட்டி கேட்கிறது. ஊருக்கு ஓர் எண். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு போன தெருக்களுக்கும், அன்றைக்கு வாசல்படி நனையாத தெருக்களுக்கும் அந்தப் பெட்டியில் ஒரே உயரம். டீச்சர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஊர் ஏரியில் மிச்சமிருப்பது தெரியும்.

"இதுக்கு எப்படிக் கேள்வி எழுதறது தம்பி?" என்றார். "எங்கேர்ந்து அளக்கணும்? ஏரிக்கரையிலேர்ந்தா, ஏரிக்குள்ளேர்ந்தா? எங்க தெரு ஏரிக்குள்ளதான இருக்கு."

அந்த வரியை மட்டும் காலியாக விட்டு அடுத்ததற்குப் போனோம்.